ஆஸ்கர் விழாவை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது?

வென்றவர்களின் பட்டியல் சில நிமிடங்களில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறதே, பிறகு விழாவை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலில் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர் மேடையேறும்போது நடப்பது அதில் இருக்காது. நான் விழாவைப் பார்ப்பது அதற்காகத்தான். அதிலும் நட்சத்திரங்கள் வரும் பகுதியைவிட, ஒலி, படத்தொகுப்பு, ஒப்பனை, குறும்படம் என்று நாம் முகம் அறியாதவர்கள் வரும் பகுதிதான் எனக்கு முக்கியம்.

பெரிய நடிகர் ஒருவர் பேசுவதைக் கேட்க ஆண்டு முழுவதும் பேட்டிகள் உண்டு. ஓர் ஒலிக்கலைஞர் பேசுவதை உலகம் கேட்பது அநேகமாக வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அதற்குக் கொடுக்கப்படும் நேரம் 45 விநாடி. பெயரை அறிவித்ததும் நான்கைந்து பேர் எழுந்து வருவார்கள். மேடையில் ஏறியதும், யார் முதலில் பேசுவது என்று கண்ணாலேயே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுப்பார்; கை நடுக்கத்தில் மடிப்பு சட்டென்று பிரியாது. பின்னால் நிற்பவர்களுக்கும் நேரம் மிச்சம் வைக்க வேண்டுமே என்று மளமளவென்று பெயர்களை அடுக்கிக்கொண்டு போவார். மனைவியின் பெயரோ அம்மாவின் பெயரோ வரும் இடத்தில் குரல் கம்மும். அதற்குள் "போதும், இறங்குங்கள்" என்பதற்கான இசை தொடங்கிவிடும். அந்த இசை எழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

2023-ல் அந்தக் கோபம் உச்சத்துக்குப் போனது. முதுமலையில் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்குச் சிறந்த ஆவணக் குறும்பட விருது கிடைத்தது. இயக்குநர் கார்த்திகி கோன்சால்வஸ் பழங்குடி மக்களைப் பற்றியும், மற்ற உயிர்களோடு நாம் இடத்தைப் பகிர்ந்து வாழ்வதைப் பற்றியும் பேசினார். நன்றாகவே பேசினார். அடுத்து தயாரிப்பாளர் குனீத் மோங்கா ஒலிவாங்கியை நோக்கி வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே இசை எழுந்துவிட்டது. ஓர் இந்தியத் தயாரிப்பு முதன்முறையாக அந்தப் பிரிவில் வென்ற இரவில், அதன் தயாரிப்பாளர் ஒரு சொல்லும் பேசாமல் இறங்க வேண்டியிருந்தது. தமக்கு இருந்த வருத்தத்தை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

அதே இரவில், 'ஆன் ஐரிஷ் குட்பை' என்ற குறும்படக் குழுவினர் மேடையேறி, தங்கள் நடிகர் ஜேம்ஸ் மார்ட்டினுக்கு அன்று பிறந்தநாள் என்று சொல்லி, அரங்கம் முழுவதையும் வாழ்த்துப்பாட்டுப் பாட வைத்தார்கள். பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. அவர்களுக்குக் கிடைத்த நேரத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாட்டுக்கு இடம் இருந்த விழாவில், குனீத் மோங்காவின் அரை நிமிடத்துக்கும் இடம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 விழா நல்ல சாட்சி. படத்தொகுப்பு, பின்னணி இசை, ஒலி, தயாரிப்பு வடிவமைப்பு, ஒப்பனை, குறும்படங்கள் என எட்டு விருதுகளை நேரலை தொடங்குவதற்கு முன்பே கொடுத்து முடித்து, வெட்டிச் சுருக்கிய காட்சிகளை இடையிடையே செருகினார்கள். அந்த ஆண்டு 'டூன்' படம் வாங்கிய ஆறு விருதுகளில் நான்கு இந்த எட்டுக்குள் அடங்கியவை. அதாவது அன்று அதிக விருது வாங்கிய படத்தின் வெற்றியையே நேரலையில் பெரும்பாலும் காணோம். அப்படியும் நிகழ்ச்சி மூன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. கண்டனம் பலமாக எழுந்தது. அடுத்த ஆண்டு எல்லா விருதுகளும் நேரலைக்குத் திரும்பின. நடிகர் வில் ஸ்மித் மேடையில் நகைச்சுவையாளர் கிறிஸ் ராக்கை அறைந்த சம்பவத்தில் அந்த விழாவின் மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த எட்டுப் பிரிவினருக்கு இழைக்கப்பட்டதும் ஓர் அவமதிப்புதான்.

பட்டியலே போதும் என்கிறீர்கள். அப்படி ஒரு விழா ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில், விருது வழங்கும் பகுதி சுமார் 15 நிமிடத்தில் முடிந்தது. வென்றவர்கள் யார் என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே ஊரறிந்த செய்தி. பின்னர், விழா இரவு வரை முடிவைச் சொல்லாமல் வைக்கும் வழக்கம் வந்தது. 1940-ல் ஒரு நாளிதழ் முடிவுகளை முந்திக்கொண்டு அச்சிட்டுவிட, அடுத்த ஆண்டிலிருந்து மூடி முத்திரையிட்ட உறை வந்தது. 1953-ல் விழா முதன்முறையாகத் தொலைக்காட்சிக்கு வந்ததற்குப் பின்னால் பணத்தட்டுப்பாடு இருந்தது: சில பெரிய ஸ்டுடியோக்கள் விழாச் செலவுக்குக் கைகொடுக்க மறுக்க, ஒளிபரப்பு உரிமைக்காக என்பிசி தொலைக்காட்சி கொடுத்த பணம்தான் விழாவைக் காப்பாற்றியது.

அந்த உறை 2017-ல் தடம் மாறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு உறைகள் இருந்தன, மேடையின் இருபுறமும் ஒவ்வொன்று. சிறந்த படத்தை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பியாட்டி கையில், ஏற்கெனவே அறிவித்து முடித்த சிறந்த நடிகைக்கான உறையின் இரண்டாவது பிரதி போய்ச் சேர்ந்தது. சிறந்த படம், அந்த நடிகை நடித்த 'லா லா லேண்ட்' என்று அறிவிப்பு வந்துவிட்டது. அந்தக் குழு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தவறு தெரிந்தது. தயாரிப்பாளர் ஜோர்டன் ஹொரோவிட்ஸ் தாமே ஒலிவாங்கிக்கு வந்து, வென்றது 'மூன்லைட்' என்று சொல்லி, இது வேடிக்கை இல்லை என்று உறுதிசெய்து, சரியான அட்டையை கேமரா பார்க்கத் தூக்கிப் பிடித்தார். கையில் வந்த விருதை அந்த நிமிடமே, முகம் சுளிக்காமல் உரியவர்களிடம் கொடுத்த அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை பெரிய மதிப்பு. 2017-ன் பட்டியலில் 'மூன்லைட்' இருக்கும். ஹொரோவிட்ஸ் இருக்க மாட்டார்.

2020-ல் கொரியப் படமான 'பாரசைட்' சிறந்த படமானபோது நடந்ததைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்காது. ஆங்கிலம் அல்லாத ஒரு படம் அந்த விருதைப் பெறுவது அதுவே முதல் முறை. தயாரிப்பாளர் குவாக் சின்-ஏ கொரிய மொழியில் பேசி முடித்தார். அடுத்து நிர்வாகத் தயாரிப்பாளர் மிக்கி லீ பேச வேண்டும். மேடை விளக்குகள் மங்கிவிட்டன. முன்வரிசையில் இருந்த டாம் ஹாங்க்ஸும் சார்லிஸ் தெரோனும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி "ஏற்றுங்கள், ஏற்றுங்கள்" என்று குரல் கொடுக்க, கூட்டமே சேர்ந்துகொண்டது. விளக்கு எரிந்தது. மிக்கி லீ பேசினார். சற்று முன்னர் அதே மேடையில் படத்தின் இயக்குநர் போங் ஜூன்-ஹோ, திரைப்படம் படித்த காலத்தில் தன் மனத்தில் பதித்துக்கொண்ட ஒரு வாக்கியம் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியுடையது என்று சொன்னதும், போட்டியில் தோற்று உட்கார்ந்திருந்த ஸ்கார்செஸிக்காக அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இதை எந்த இயக்குநரும் ஒத்திகை பார்த்து வைத்திருக்க முடியாது.

ஒத்திகை பார்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2021-ல் பார்த்தோம். வழக்கமாகக் கடைசியில் வரும் சிறந்த பட விருதை முன்னால் தள்ளி, சிறந்த நடிகர் விருதை இறுதிக்கு நகர்த்தினார்கள். மறைந்த நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு அது கிடைக்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். வென்றவர் ஆண்டனி ஹாப்கின்ஸ். அவர் அரங்கத்துக்கு வரவே இல்லை. நிகழ்ச்சி அப்படியே சட்டென்று முடிந்துபோனது.

நினைவஞ்சலிப் பகுதியைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. 2017-ல் ஓர் ஆடை வடிவமைப்பாளரின் பெயருக்கு, உயிரோடிருக்கும் ஒரு தயாரிப்பாளரின் படத்தைக் காட்டிவிட்டார்கள். 2022-ல் லதா மங்கேஷ்கரின் பெயர் ஒளிபரப்பில் வரவில்லை. அவ்வளவு பெரிய குரல் மறைந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

தமிழர்களாகிய நமக்கு 2009 பிப்ரவரியைத் தவிர்த்துவிட்டு ஆஸ்கரைப் பற்றிப் பேச முடியாது. ஏ.ஆர். ரஹ்மான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காகப் பின்னணி இசைக்கும் பாடலுக்கும் இரண்டு விருதுகள் பெற்ற செய்தி அன்றே எல்லா இடத்திலும் வந்துவிட்டது. நேரலை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. அந்த அரங்கில் அவர் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். நம் வீட்டில் பேசுகிற மொழி அந்த ஒலிவாங்கி வழியாகத் திரும்பி வந்த நொடியில் உடம்பு சிலிர்த்துப் போனது. அன்றே ஒலிக்கலவைக்கான விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ரசூல் பூக்குட்டியும் ஒருவர். நான் மேலே சொன்ன முகம் தெரியாத துறைகளில் ஒன்றிலிருந்து வந்தவர் அவர்.

1992-ல் சத்யஜித் ரேவுக்குக் கௌரவ விருது கொடுத்தார்கள். நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் அறிவிக்க, கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் சிலையைக் கையில் பிடித்தபடி ரே பேசிய பதிவைத் திரையிட்டார்கள். பட்டியலில் இதற்கு ஒரே வரிதான். அவரோ, மாணவப் பருவத்தில் நடிகை டியானா டர்பினுக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற்றதையும், இயக்குநர் பில்லி வைல்டருக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதிப் பதிலே வராததையும் சொல்கிறார். அடுத்த மாதமே அவர் காலமானார். 2009 இறுதியிலிருந்து கௌரவ விருதுகளைத் தனி விழாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் இப்படி ஒரு பேச்சு இன்று முக்கிய ஒளிபரப்பில் வராது. இது பெரிய இழப்பு என்பேன்.

முழு விழாவுக்கு நேரம் இல்லையென்றால் தொடக்கப் பேச்சையும் நடுவில் வரும் நகைச்சுவைப் பகுதிகளையும் தாராளமாகத் தாண்டிவிடுங்கள். குறும்படம், ஒலி, படத்தொகுப்பு விருதுகளைத் தாண்டாதீர்கள். பழைய ஏற்புரைகள் பலவும் ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் யூடியூப் பக்கத்தில் இருக்கின்றன. ரேயின் பேச்சு சில நிமிடங்கள்தான். முதலில் அதைப் பாருங்கள்.