உமிழ்நீர்க் கல்லுக்கு எதற்கு இரண்டு ஸ்கேன்?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. சாப்பிட உட்கார்ந்தாலே வலது தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்குகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. அல்ட்ராசவுண்டில் 6 மி.மீ. கல் என்று வந்தது. இப்போது டாக்டர் சிடி ஸ்கேனும் கேட்கிறார். கல் இருப்பதுதான் தெரிந்துவிட்டதே?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கல் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஆபரேஷனுக்குப் போதாது. அது எந்த இடத்தில் நிற்கிறது, ஒன்றா பலவா என்பதை வைத்துத்தான் எந்த வழியாக எடுப்பது என்று முடிவாகும்.

தாடைக்கு அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் சுமார் 5 செ.மீ. நீளம், நாக்குக்கு அடியில், கீழ் முன்பற்களுக்குப் பின்னால் திறக்கிறது. கல் அந்த முன்பகுதியில் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே சிறு கீறலில் எடுத்துவிடலாம். பின்னால், சுரப்பியை ஒட்டி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு கடைவாய்ப் பற்களுக்குப் பக்கத்தில் அந்தக் குழாயின் அடியாக வளைந்து போகிறது. அதில் காயம் பட்டால் நாக்கின் ஒரு பாதி மரத்துப்போகும்.

அளவும் முக்கியம். 4 மி.மீ.க்குள், அசையக்கூடிய கல் என்றால் குழாய்க்குள் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய கருவி) விட்டு, கம்பிக் கூடையில் பிடித்து இழுக்கலாம். 6 மி.மீ. கல் பொதுவாக முழுசாக வராது. லேசரில் உடைக்க வேண்டும், இல்லை கீற வேண்டும். முன்பெல்லாம் பின்பக்கக் கல் என்றால் சுரப்பியையே எடுத்துவிடுவார்கள். இப்போது பெரும்பாலும் அதைக் காப்பாற்ற முடிகிறது. அதற்காகவே இந்த சிடி ஸ்கேனைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அல்ட்ராசவுண்டில் 2 மி.மீ.க்கும் சிறிய கற்கள் தப்பிவிடலாம். ஒட்டி நிற்கும் இரண்டு கற்கள் ஒன்றாகவும் தெரியலாம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டால் வீக்கம் திரும்பி வரும். சிடியை, ஊசி வழியாகச் சாய மருந்து ஏற்றாமல், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய அடுக்குப் படங்களாக எடுப்பது நல்லது. மருந்து ஏற்றினால் ரத்தக்குழாய்களும் வெள்ளையாகத் தெரியும், சின்னக் கல்லோடு குழப்பிவிடும். அம்மாவுக்குப் பல்லில் உலோக அடைப்போ உறையோ (கேப்) இருந்தால் டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். படத்தில் அதிலிருந்து கிளம்பும் கோடுகள் குழாயை மறைத்துவிடும். தலையின் சாய்வை மாற்றி இன்னொரு முறை எடுப்பார்கள்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கல் நகரும். ஆபரேஷன் அன்று காலையில் அல்ட்ராசவுண்டில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கணவருக்குக் காதுக்கு முன்னால் வீங்குகிறது. எக்ஸ்ரேயில் கல் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, மதுரை

பதில்: எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். காதருகே உள்ள சுரப்பியின் கற்களில் பலவற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு, எக்ஸ்ரேயில் தெரியாது. முதலில் அல்ட்ராசவுண்ட். அதிலும் தெரியாமல் வீக்கம் தொடர்ந்தால் குழாய்க்கான எம்ஆர்ஐ உதவும்; அதில் உமிழ்நீரே வெளிச்சமாகத் தெரிவதால் சாய மருந்து வேண்டாம், குழாய் சுருங்கியிருந்தாலும் காட்டும். குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் பழைய முறையை, சீழ், காய்ச்சல் இருக்கும்போது செய்யவே கூடாது.