உலகின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார்?

செங்கோட்டை டீக்கடைப் பேச்சில் முகமது அலியா, 50 சண்டையிலும் தோற்காத மேவெதரா என்று வந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள், அண்ணாச்சி. அதிக எடைக்காரர்களின் பிரிவான ஹெவிவெயிட் மட்டும் என்றால் அலிதான்: லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் மூவரையும் வென்றவர், மூன்றரை ஆண்டுத் தடைக்குப் பிறகும் 1974-இல் பட்டத்தை மீட்டார்.

எடைப்பிரிவை ஒதுக்கிவிட்டுத் திறமையை மட்டும் பார்த்தால் சுகர் ரே ராபின்சன். 1943-இல் லமோட்டாவிடம் தோற்றபின் 1951 வரை 91 சண்டைகளில் தோல்வியே இல்லை. 66.7 கிலோ வெல்டர்வெயிட்டில் பட்டம், பிறகு 72.6 கிலோ மிடில்வெயிட்டில் ஐந்து முறை. 1952-இல் அதற்கும் மேலே லைட் ஹெவிவெயிட்டுக்குப் போனார். அந்தச் சண்டையில் புள்ளிகளில் முன்னே இருந்தும் நியூயார்க் வெக்கை தாங்காமல் 14-ஆம் சுற்றுக்கு எழவில்லை.

தோல்விக் கணக்கை மட்டும் எண்ணினால் ஏமாறுவோம். ராபின்சனின் 19 தோல்விகளில் 15 வந்தது 35 வயதுக்குப் பிறகு.