ஸ்மார்ட்வாட்ச் டேட்டா ப்ராஜெக்ட் பண்ணா வேலை கிடைக்குமா?

தம்பி, "ஐபோன் டேட்டாவையும் ஆண்ட்ராய்டு டேட்டாவையும் ஒரே ஆப்ல காட்டுறேன்"னு ரெஸ்யூமேல போட்டா மட்டும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒரே கோட்ல ரெண்டு போனுக்கும் ஆப் எழுதுற ஃப்ளட்டர்ல 'ஹெல்த்'னு ஒரு ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் இருக்கு, அத சேத்துட்டா ஐபோன்ல ஹெல்த் டேட்டாவ வெச்சிருக்கிற ஆப்பிள் ஹெல்த்கிட், ஆண்ட்ராய்டுல அதே வேலைய செய்ற ஹெல்த் கனெக்ட் ரெண்டுல இருந்தும் ஸ்டெப் கவுன்ட் சீக்கிரமே ஸ்க்ரீன்ல வந்துரும். வேலையே அதுக்கப்புறம்தான் இருக்கு.

ஹார்ட் ரேட் வேரியபிலிட்டிய, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்கிற நேரம் எவ்வளவு மாறுதுங்கிற அளவ, எடுத்துக்கோ. ஹெல்த்கிட் அத எஸ்டிஎன்என் (அந்த இடைவெளிகளோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) கணக்குல வெச்சிருக்கு, ஹெல்த் கனெக்ட் ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த இடைவெளிகளோட வித்தியாசத்த வெச்சு போடுறது) கணக்குல, ரெண்டுமே மில்லிசெகண்ட்தான், பாத்தா ஒரே மாதிரி நம்பர், ஆனா ஃபார்முலாவே வேற, அதனால போன் மாத்தின ஒருத்தரோட பழைய டேட்டாவையும் புது டேட்டாவையும் ஒரே கிராஃப்ல ஒட்டினா திடீர்னு கோடு எகிறும் இல்ல விழும், அவர் உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பதறுவார். இத கவனிச்சு தனித்தனியா காட்டியிருக்கியா? இன்டர்வியூல நான் உக்காந்தா இதத்தான் கேப்பேன்.

அதே மாதிரி பாக்கெட்ல போனும் கைல வாட்ச்சும் ஒரே நடைய எண்ணும், ரெண்டும் தனித்தனியா பதிஞ்ச ரா சாம்பிள எடுத்து நீயே கூட்டினா டபுள் ஆயிடும். ஐபோன்ல யூசர் படிக்க பர்மிஷன் தரலன்னா அது ஆப்புக்கே தெரியாது, டேட்டா இல்லாத மாதிரிதான் வரும், அத "0 ஸ்டெப்ஸ்"னு காட்டுனா பொய்.

இன்னொன்னு, கூகுளோட பழைய ஹெல்த் டேட்டா சேவையான கூகுள் ஃபிட் ஏபிஐ வெச்சு சொல்லித்தர்ற பழைய வீடியோவ பாத்து ஆரம்பிச்சுராத, 2024 மே மாசத்துல இருந்து அதுல புது டெவலப்பர்கள சேக்குறதில்ல.

சொந்தமா இன்னொரு டேஷ்போர்டு கட்டுறத விட கேட்ஜெட்பிரிட்ஜ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஆப்போட கோட்ல கை வைன்னுதான் சொல்வேன். கம்பெனியோட ஆப்பும் கிளவுடும் இல்லாமலே நிறைய வாட்ச், பேண்ட்ல இருந்து ப்ளூடூத் வழியா டேட்டா எடுக்கிற ஆண்ட்ராய்டு ஆப் அது, கோடெல்லாம் பெரும்பாலும் ஜாவாதான். சின்ன பக் ஒன்னு சரி பண்ணி அவங்க ரிவ்யூல திருத்த சொன்னத திருத்தி மெர்ஜ் ஆச்சுன்னா (அவங்க கோட்ல சேந்துச்சுன்னா), ரிவ்யூல நடந்த அந்த பேச்சு முழுக்க வேலை குடுக்கிறவங்க படிச்சுப் பாக்கலாம், சர்டிஃபிகேட்ல அது கிடைக்காது. ஹெல்த் கம்பெனிக்கே போகணும்னா ஆஸ்பத்திரி சிஸ்டம்கள் டேட்டா பரிமாறிக்கிற எஃப்எச்ஐஆர் ஸ்டாண்டர்டையும் கொஞ்சம் படி.

உன் அப்பா "வாட்ச் ஆப்புக்கெல்லாம் யார் சம்பளம் குடுப்பா"ங்கிறார்ல, அவர் பயம் தப்பில்ல, இந்த ஒரு துறைய மட்டும் நம்பினா வேலை கம்மிதான். ஆனா ரெண்டு இடத்து டேட்டாவ தப்பில்லாம ஒன்னு சேக்கிற வேலை பேங்க்லயும் இருக்கு, லாஜிஸ்டிக்ஸ்லயும் இருக்கு, அப்ளை பண்றப்போ அங்கயும் சேத்தே போடு. டெமோவுக்கு ஃப்ரெண்ட்ஸோட தூக்கம், ஹார்ட் ரேட் எதையும் யார் வேணா பாக்கக்கூடிய பப்ளிக் ரெப்போல (கோட் வைக்கிற இடத்துல) ஏத்தாத, பொய் டேட்டா ஜெனரேட் பண்ணி வெச்சுக்கோ, ப்ராஜெக்ட விளக்குற ரீட்மீ ஃபைல்ல அதையும் எழுதிரு.