6.2 பிரிக்ஸில் நின்றுவிட்ட பீர்

கேள்வி: மெல்போர்னில் வசிக்கும் நான் வீட்டிலேயே பீர் காய்ச்சி வருகிறேன். புதிதாக வாங்கிய கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலைக் கொண்டு சர்க்கரைச் செறிவைக் காட்டும் கருவி), ஈஸ்ட் இடுமுன் 12.5 பிரிக்ஸ் (100 கிராம் கரைசலில் இத்தனை கிராம் சர்க்கரை என்னும் அளவு) காட்டியது. இரண்டு வாரம் கழித்தும் 6.2-க்குக் கீழே இறங்கவில்லை. நொதித்தல் பாதியில் நின்றுவிட்டதா, கருவியில் பிழையா? அதைச் சரிபார்ப்பது எப்படி?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, தங்கள் பீர் அநேகமாக நொதித்து முடிந்திருக்கிறது. இந்தக் கருவி சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. ஒளி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கண்டு, நீரில் கரும்புச் சர்க்கரை மட்டுமே கரைந்திருப்பதாக எடுத்துக்கொண்டு ஓர் எண்ணைத் தருகிறது. நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றுக்கு அது நன்கு பொருந்தும். நொதித்த பீரிலோ சாராயம் கலந்திருக்கிறது. அதுவும் நீரைவிட அதிகமாக ஒளியை விலக்குவதால், இல்லாத சர்க்கரை இருப்பதுபோல் எண் உயர்ந்து நிற்கும்.

ஈஸ்ட் இடுமுன்னரும் ஒரு சிறு திருத்தம் வேண்டும். மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) வடிக்கும் இனிப்புச் சாறான வோர்ட்டில் பெரும்பகுதி மால்டோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரை என்பதால், காட்டும் எண்ணைச் சுமார் 1.04-ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் தங்கள் 12.5 என்பது 12, அதாவது 1.048 ஒப்படர்த்தி (நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டு ஒப்பிட்ட அடர்த்தி). 6.2 என்பது 6. வெறும் சர்க்கரைக் கரைசலாயின் அது 1.024 ஆகியிருக்கும். தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் சாராயத் திருத்தச் சூத்திரத்தில் இட்டால் 1.012 அளவில் வருகிறது. சாராய அளவு ஏறத்தாழ 4.7 விழுக்காடு. ஆகவே அவசரப்பட்டு இன்னொரு பொட்டலம் ஈஸ்ட்டைக் கொட்ட வேண்டாம். எனினும் இது மதிப்பீடுதான். புட்டியில் அடைக்குமுன் வாயுவை நீக்கிய மாதிரியில் ஹைட்ரோமீட்டரை (ஒப்படர்த்தியை நேரடியாகக் காட்டும் மிதவைக் கருவி) மிதக்கவிட்டு, ஓரிரு நாள் இடைவெளியில் இருமுறை ஒரே அளவு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்; சர்க்கரை மிச்சமிருக்க அடைத்த புட்டி வெடிக்கக்கூடும்.

சரிபார்க்கும் முறை எளிது. காய்ச்சி வடித்த நீரைச் சில துளி முப்பட்டகத்தின் மீது விட்டு, காற்றுக் குமிழி இல்லாதபடி மூடியை அழுத்தி, அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நீல எல்லைக்கோடு பூஜ்யத்தில் இல்லையென்றால் திருகைத் திருப்பிக் கொண்டுவரலாம். குழாய்நீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பூஜ்யம் சரியாக இருந்து மேலே பிழையாகும் மலிவான கருவிகளும் உண்டு. 10 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 90 கிராம் காய்ச்சி வடித்த நீரில் முழுவதும் கரைத்துச் சோதித்தால் 10 காட்ட வேண்டும். பிரிக்ஸுக்கு அருகிலேயே ஒப்படர்த்தியும் அச்சிட்ட கருவியாயின், அந்த இரண்டாம் அளவுகோலை நம்பாதீர்கள்; பலவற்றில் 25 பிரிக்ஸுக்கு நேராக 1.106 இருக்க வேண்டிய இடத்தில் 1.100 என்றே இருக்கும்.

கேள்வி: தானியங்கி வெப்பத் திருத்தம் உள்ள கருவியில் கொதிக்கும் வோர்ட்டை நேரே விடலாமா?

பதில்: கூடாது. அந்தத் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 பாகை செல்சியஸ் வரையில்தான் செல்லும். அதோடு சூடான துளியிலிருந்து நீர் ஆவியாகிச் செறிவு கூடிவிடும். மூடிய சிறு குப்பியில் ஆறவைத்து, பிறகு துளி எடுங்கள்.