வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம், தம்பி

நீங்கள் கேட்டது இதுதான்: மகளுக்கு நான்கு வயதாகிறது, அடுத்த மாதம் நெதர்லாந்தின் தி ஹேக்கில் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ் பேசினால் குழந்தைக்கு டச்சு ஏறாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். தமிழை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். எனக்கும் இதையே சொன்னார்கள். அப்போது எனக்குத் தெம்பு கொடுத்தது ஒரு டச்சுக்காரரின் வேலைதான். மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் என்று பெயர். அவருடைய அலுவலகம் இந்த ஊரிலேயேதான் இருந்தது. இங்கே வாழ வருகிறவர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

1924-ல் பிறந்தவர், லெய்டனில் சட்டம் படித்தவர், தொழிலாளர் கட்சிக்காரர். மேடையில் முழங்குகிற ரகம் இல்லை. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். 1967-ல் கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து அறிக்கை தரும் பொறுப்பை, மனித உரிமையைக் காக்க ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஐரோப்பிய மன்றம் இவரிடம் கொடுத்தது. கைதிகள் சித்திரவதைப்படுவதை இவர் மூடி மறைக்காமல் எழுதினார். ராணுவ ஆட்சி இவரை நாட்டுக்குள் விட மறுத்தது. வெளியேற்றப்படுவோம் என்று தெரிந்ததும், 1969 டிசம்பரில் கிரேக்கமே மன்றத்திலிருந்து விலகிக்கொண்டது.

1977 மார்ச்சில், நெதர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகுக்குப் போனவர், மனித உரிமை கேட்டு எழுந்த சாசனம் 77 இயக்கத்தின் சார்பில் பேசிய தத்துவப் பேராசிரியர் யான் பாட்டோச்காவைச் சந்தித்தார். கோபத்தில் அதிபர் ஹுசாக் இவருடனான சந்திப்பை ரத்து செய்தார். பாட்டோச்காவைப் போலீஸ் மணிக்கணக்கில் விசாரித்தது. அந்த மாதம் 13-ம் தேதி அவர் இறந்துபோனார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான கட்டம் 1993-ல் தொடங்குகிறது. சோவியத் யூனியனும் யூகோஸ்லாவியாவும் உடைந்து, மொழியும் இனமும் போராக மாறிக்கொண்டிருந்த நேரம். ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்புக்காக நாடுகள் சேர்ந்து நடத்திய அமைப்பு (இன்றைய OSCE), தேசியச் சிறுபான்மையினர் விவகாரத்துக்கான தன் முதல் உயர் ஆணையராக இவரை நியமித்தது. சண்டை மூளும் முன்பே போய்ப் பேச வேண்டிய வேலை. கையில் படை கிடையாது, தண்டிக்கிற அதிகாரமும் கிடையாது. போவார், இரு தரப்பையும் கேட்பார், திரும்பி வந்து அந்த நாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார்.

அந்த ஜூலையில் எஸ்தோனியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ரஷ்ய மொழிக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த நார்வா நகரம், தன்னாட்சி கேட்டு வாக்கெடுப்பு நடத்தப் போவதாக அறிவித்தது. தலைநகரில் கொதிப்பு. வான் டெர் ஸ்டூல் இரு பக்கமும் மாறி மாறிப் போனார். வாக்கெடுப்பைத் தடுக்கப் படையை அனுப்ப மாட்டோம் என்று அரசிடமும், செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால் ஏற்றுக்கொள்வோம் என்று நார்வா தலைவர்களிடமும் உறுதி வாங்கினார். வாக்கெடுப்பு நடந்தது. செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ரத்தம் சிந்தவில்லை.

இப்படி அலைந்த அனுபவத்தில்தான் பள்ளிக்கூடத்தின் அருமை அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். 1996-ல் அவர் முன்முயற்சியில் வல்லுநர்கள் கூடி, கல்வி பற்றிய ஹேக் பரிந்துரைகளை எழுதினார்கள். மழலை வகுப்பு குழந்தையின் சொந்த மொழியில் இருக்கட்டும். தொடக்கப் பள்ளியில் அரசின் மொழியை ஒரு பாடமாக ஒழுங்காகக் கற்பிக்கட்டும். மேல் வகுப்புகளில் அந்த மொழியில் நடக்கும் பாடங்களைப் படிப்படியாகக் கூட்டட்டும் என்பது அதன் சாரம். தாய்மொழியில் ஊன்றிய குழந்தைக்கு அடுத்த மொழி நன்றாக வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அது எஸ்தோனியாவின் ரஷ்யர்கள், ருமேனியாவின் ஹங்கேரியர்கள் போல அந்தந்த நாட்டில் வேரூன்றிய மக்களுக்காக எழுதப்பட்டது. நேற்று விமானத்தில் வந்திறங்கிய நாம் அதைக் காட்டித் தமிழ்ப் பள்ளி கேட்க முடியாது. தாய்மொழி வகுப்புகளுக்குத் தந்த பணத்தையும் இந்த நாட்டு அரசு 2004-ல் நிறுத்திவிட்டது. ஆனால் குழந்தை மொழி கற்கும் விதம் ரஷ்யக் குழந்தைக்கும் நம் குழந்தைக்கும் ஒன்றுதானே?

அதே பரிந்துரை அரசின் மொழியையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள். டச்சை ஒதுக்கி வைத்துவிட்டு ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மகள் பள்ளிக்குப் போகும்போது நீங்களும் வகுப்பில் சேருங்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சந்தா கிடையாது; வாராவாரம் கூட்டிப்போய் டச்சுப் படப் புத்தகங்கள் எடுங்கள். படங்களைக் காட்டிக் கதையைத் தமிழில் சொல்லுங்கள். என் மகனுக்கு அப்படித்தான் செய்தோம். இரண்டு மொழியும் வந்தது.

பள்ளியில் பெற்றோரோடு பத்து நிமிடம் பேசுவார்கள். அங்கே ஆசிரியரிடம் நேராகவே சொல்லுங்கள்: வீட்டில் தமிழ் பேசுகிறோம், அதைத் தொடரப்போகிறோம், டச்சில் எங்கே பின்தங்குகிறாள் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று. நேராகப் பேசினால் இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு பற்றி விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.