நாலு வீல் லிவர் விழுகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை: பழைய எம்எம் 540

வேதாரண்யத்தில் விலைக்கு வந்த பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் நாலு வீல் லிவர் விழுந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லை, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். டிரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். முதலில் அடியில் குனிந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (அந்தப் பெட்டியிலிருந்து முன் ஆக்ஸிலுக்குப் போகும் சுழல் தண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். தார்ச்சாலையிலேயே ஓடிய ஜீப்புகளில் டீசல் மிச்சமாகும் என்று அதைக் கழற்றி வைப்பது உண்டு. அப்படியானால் அந்த ஷாஃப்டை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

ஷாஃப்ட் இருந்தால்:

1. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) உள்ள வண்டி என்றால் இரண்டு பக்கமும் பூட்டுங்கள்.
2. இன்ஜினை அணைத்து, கியரிலும் நாலு வீலிலும் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக ஆடி நின்றுவிட்டால் நல்லது.
3. சக்கரம் சுற்றி ஷாஃப்ட் அசையாவிட்டால் கோளாறு ஹப்பிலோ ஆக்ஸிலிலோ. இரண்டும் சேர்ந்து சுற்றினால்தான் டிரான்ஸ்பர் கேஸ் மீது சந்தேகம்.

காய்ந்த தார்ச்சாலையில் நாலு வீல் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம், திருப்பத்தில் பாகங்கள் முறுக்கேறிவிடும்.

எனக்கு இதைவிடக் கவலை சேசிஸ்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டம். உப்பளக் காற்றும் வயல் சேறும் பட்ட வண்டி. பின் ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு சேர்க்கும் இணைப்பு) பக்கமும் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடமும் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று வந்தால், அல்லது ஸ்குரூடிரைவர் இறங்கினால், விட்டுவிடுங்கள். கியர் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யலாம், அரித்த சேசிஸ் உங்கள் பணத்தையெல்லாம் விழுங்கிவிடும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் துருவை மறைத்திருக்கலாம், சுரண்டிப் பாருங்கள்.

அப்புறம், 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்சியை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது எதுவரை செல்லும், சேசிஸ் எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.