பிரபலங்களின் உருவப்படங்களை வைத்திருக்கும் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியை மறுபடி திறந்திருக்கிறார்களே, புகைப்படங்களுக்காக மட்டும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். 2020 மார்ச்சில் மூடிய இடம், 2023 ஜூன் 22 அன்றுதான் திரும்பத் திறந்தது. திறந்ததும் வைத்த முதல் கண்காட்சிகளில் ஒன்று யெவோண்ட் என்ற பெண் புகைப்படக் கலைஞருடையது, அந்தத் தேர்வே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆள் படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்றிருந்த 1930-களில் அவர் துணிந்து வண்ணத்துக்குப் போனவர். விவெக்ஸ் என்று ஒரு முறை, ஒரே ஆளை மூன்று நெகட்டிவ்களில் மூன்று நிறங்களுக்காகத் தனித்தனியாக எடுத்து, அப்புறம் அவற்றைத் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அச்சிட வேண்டும். 1935-இல் மேல்தட்டுப் பெண்களுக்குக் கிரேக்கப் புராண வேடமிட்டு அவர் எடுத்த வரிசையில், தலையில் பாம்புகள் நெளியும் மெடூசாவின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். இரண்டாம் உலகப் போர் வந்து, விவெக்ஸ் அச்சிடும் கூடம் மூடப்பட, அவர் கறுப்பு வெள்ளைக்கே திரும்ப வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது, ஆனால் அவருடைய வண்ண நெகட்டிவ்கள் இப்போது கேலரியிடம்தான் இருக்கின்றன.

அடுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கியவர். விஞ்ஞானி ஹெர்ஷலைத் தலைமுடியைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, அது பஞ்சாய்ப் பறக்க அவர் எடுத்த 1867 படத்தைப் போல முதுமையை மரியாதையோடு காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் மங்கல்தான், அதை அவர் குறையாகவே நினைக்கவில்லை. 1875-இல் இலங்கைக்குப் போய் 1879-இல் அங்கேயே இறந்தார், கல்லறை மலையகத்தின் பொகவந்தலாவையில் இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மேல்மாடியில் ட்யூடர் மன்னர்கள் இங்கிலாந்தை ஆண்ட பதினாறாம் நூற்றாண்டுக் காலத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள், எண்ணெய் ஓவியங்களுக்கு நடுவே புகைப்படம் எப்போது நுழைகிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒன்று மட்டும், பழைய அச்சுகள் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் அவற்றை அவ்வப்போது இறக்கிவிட்டு வேறு படங்களை மாட்டுவார்கள். குறிப்பிட்ட படம் ஏதாவது மனதில் இருந்தால், அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.